வட்டக் குழாயின் வளைவெட்டுக்கு ஒரு காகித டெம்ப்ளேட்

ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் (எதிர்க்குழாயின்) பக்கத்தில் பொருந்தும்படி வளைவாக வெட்ட, கோடு கிழிக்க உதவும் காகித டெம்ப்ளேட் இது. குழாயின் கேட் (CAD, கணினி வரைவு மென்பொருள்) மாடலை அப்படியே தட்டையாக விரிக்காதீர்கள். அதன் வெளிப்புறத்தைச் சுற்றி 0.1 மி.மீ. தடிமனில் ஒரு மெல்லிய உறையை வரைந்து, அதை மட்டும் எதிர்க்குழாயின் வெளி விட்டத்தால் வெட்டுங்கள். பிறகு நீளவாக்கில் 0.1 மி.மீ. அகலத்தில் கீறல் போட்டு, மென்பொருளின் ஷீட் மெட்டல் (தகடு) கட்டளையால் தகடாக மாற்றி விரித்தால் டெம்ப்ளேட் தயார். அச்சிட்டுக் குழாயில் சுற்றி, விளிம்பை ஒட்டிக் கோடு கிழிக்கலாம்.

காரணம் எளிது. ஷீட் மெட்டல் கட்டளை வெளிச்சுற்றளவை எடுப்பதில்லை, சுவரின் தடிமனுக்குள் ஓடும் நியூட்ரல் கோட்டின் (வளைக்கும்போது நீளம் மாறாத கோட்டின்) நீளத்தையே எடுக்கிறது. 48.3 மி.மீ. வெளி விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குழாய்க்குச் சுமார் 152 மி.மீ. காகிதம் வேண்டும், குழாயையே விரித்தால், கே ஃபாக்டர் (அந்தக் கோடு தடிமனில் எங்கே ஓடுகிறது என்ற விகிதம்) 0.5, அதாவது சரிநடு என்றால், 145.5 மி.மீ.தான் வரும். சுற்றும்போது சுமார் 6.5 மி.மீ. இடைவெளி விழும், வளைவும் நகர்ந்துவிடும். உறையின் தடிமன் காகிதத்தின் தடிமனேதான் என்பதால் அந்தக் கணக்கும் சரியாகிவிடுகிறது.

அச்சிடும்போது அளவு 100 சதவீதம்; 'பக்கத்துக்குப் பொருத்து' தேர்வில் இருந்தால் எல்லாம் வீண்.

தடித்த சுவர்க் குழாய்க்கு இது மட்டும் போதாது. வெளி விளிம்பு சரியாக இருந்தாலும் உள் விளிம்பு முதலில் இடிக்கும், கிரைண்டரால் சரித்துத் தேய்க்க வேண்டும். இரு குழாய்களின் முனைகளையும் 45 டிகிரியில் நேராக வெட்டிச் சேர்க்கும் வெறும் மைட்டர் வெட்டுக்கு இந்த வேலையே வேண்டாம், ரம்பத்தின் கோணத்தைத் திருப்பினால் போதும்.