அதே காதல் கதை, அவன் சொன்னால்: நாயகன் கோணத்தில் திருப்பி எழுதும் முறை

நாயகி சொன்ன காதல் நாவலை நாயகன் வாயால் கேட்டுப் பார்க்க நிறைய பேருக்கு ஆசை இருக்கிறது, ஆனால் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது அத்தியாயத்துக்குள் சப்பென்று ஆகிவிடும். காரணம் ஒன்றுதான். 'அவன்' இருந்த இடத்தில் 'நான்' போட்டு அதே காட்சியை நகல் எடுத்துக்கொண்டிருப்போம். அவனுக்கு என்ன தெரியாது என்பதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது.

எந்த நாவலை எடுப்பது? உங்களுடையதையே எடுங்கள். வேறொருவர் கதை என்றால் பயிற்சிக்கு நோட்டில் எழுதலாம், வெளியிட அந்த எழுத்தாளரின் அனுமதி வேண்டும்.

முதலில் மூலக் கதையை ஒருமுறை கையில் பேனாவோடு படியுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று குறிப்பு போதும்: அவன் அங்கே இருந்தானா, காட்சி முடியும்போது அவனுக்கு என்ன தெரியும், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பான். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஸ்டெஃபனி மேயர் 2005இல் வந்த தன் 'ட்வைலைட்' கதையை 2020இல் நாயகன் சொல்வதாக 'மிட்நைட் சன்' என்று திரும்ப எழுதினார். அந்த நாயகன் பிறர் மனதைப் படிப்பவன், அவள் மனம் மட்டும்தான் அவனுக்குக் கேட்காது. உங்கள் நாயகனுக்கும் அப்படி ஓர் இருட்டு வேண்டும். அவளுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது என்று முதல் அத்தியாயத்திலேயே அவன் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் கதை எதற்கு?

அடுத்து, அவள் பார்க்காத நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று நாள்வாரியாக எழுதுங்கள். மூலத்தில் 'ஒரு வாரம் அவன் பேசவே இல்லை' என்று ஒரே வரியில் போயிருக்கும். அந்த ஒரு வாரம் முழுக்க உங்களுக்குச் சொந்தம், புதுக் காட்சிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அவளைச் சந்திப்பதற்கு முன்பே அவனுக்கு ஒரு கவலை, ஒரு வேலை, கோபித்துக்கொள்ள ஒரு அண்ணனோ அப்பாவோ இருக்கட்டும்.

இப்போது உரையாடல். பேசிய வார்த்தைகளை மாற்றக் கூடாது. இரண்டு கதையையும் படித்தவர் அதே வாக்கியத்தைக் காத்துக்கொண்டிருப்பார், அதைச் சுற்றியிருப்பதை மட்டும் மாற்றுங்கள். ஒரு சின்னக் காட்சி, முதலில் அவள் சொல்வது:

"நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்றான். அதற்குள் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். என்னை அனுப்பிவைக்க அவ்வளவு அவசரம்.

இனி அவன்:

முகத்தைப் பார்த்தால் மாட்டிக்கொள்வேன் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். மணி என்ன என்று மனதில் பதியவில்லை. மறுபடி பார்த்தேன், அப்போதும் பதியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்றேன். அவள் உடனே பையை எடுத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் எப்போது கிளம்பலாம் என்றுதான் இருந்திருக்கிறாள் போல.

கடைசி வரியைக் கவனியுங்கள். அவன் அவளைத் தப்பாகப் புரிந்துகொள்கிறான், அவள் ஏற்கெனவே அவனைத் தப்பாகப் புரிந்துகொண்டாயிற்று, வாசகருக்கு மட்டும் இரண்டும் தெரியும். அந்தத் தவிப்புக்காகத்தான் தெரிந்த கதையை மறுபடி படிக்கிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. சங்கப் பாட்டிலேயே தலைவி கூற்று, தலைவன் கூற்று என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். குறிப்பறிதல் அதிகாரத்தில் 1094ஆம் குறளை எடுத்துப் பாருங்கள்: நான் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள், நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள் என்கிறான் தலைவன். பார்க்காதபோது சிரித்தது இவனுக்கு எப்படித் தெரிந்தது? ஓரக்கண்தான்! ஒரு ஆண் பார்வையில் எழுத இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அவன் என்ன உணர்ந்தான் என்று நீட்டி முழக்காமல், எதைக் கவனித்தான் என்று மட்டும் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. மூலத்தில் அவன் அவளை அவமானப்படுத்தியிருந்தால், அவன் கோணத்தில் அதற்கு நியாயம் கற்பிக்காதீர்கள். என் நாவலில் நான் அதைச் செய்தேன். அவன் கத்தியதற்கு ஒரு சோகமான பழைய கதையைக் காரணமாக வைத்தேன். படித்துப் பார்த்த தோழி, "இப்ப அவ அழுததுக்கே அர்த்தமில்லாமப் போச்சே" என்றாள். உண்மைதான். அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, கத்தி முடித்ததும் தன் குரல் தன் அப்பாவின் குரல் மாதிரியே இருந்ததை அவன் கேட்பதாக எழுதினேன். காரணம் தெரிந்தது, தப்பும் தப்பாகவே நின்றது.

எழுதி முடித்ததும் இரண்டு நாவலையும் பக்கத்தில் வைத்து, ஒரே காட்சியை அவள் பக்கம் ஒருமுறை, அவன் பக்கம் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். அவன் பக்கத்தில் புதிதாக ஒன்றும் கேட்கவில்லையென்றால் அந்தக் காட்சியை இரண்டே வரியில் கடந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.