நம்ம தோல் நிறத்துக்கு லேசர்: பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மதுரையில் ஒரு தோல் கிளினிக்கில் லேசர் ஆபரேட்டராக இருக்கிறேன். டாக்டர் பார்த்து அளவைக் குறித்துக் கொடுப்பார். ஒளி வெளியே வரும் கைப்பிடியான ஹேண்ட்பீஸைப் பிடித்து ஒவ்வொரு ஷாட்டாகக் கொடுப்பது என் வேலை. முகவாயில் முடி வளர்ந்து, அதை லேசரில் நீக்க, துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு வருகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் சிலர் வேறு எங்கோ சூடுபட்டு, கன்னத்தில் கட்டம் கட்டமாகக் கருத்த தழும்போடு வருகிறார்கள். அந்தக் கருப்பு மங்கவே மாதக்கணக்கில் ஆகும். முடியை மறைக்க வந்த பிள்ளை தழும்பை மறைக்க வேண்டிய நிலை வரக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லேசர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் தானாக வரும். முடியில் மெலனின் என்ற கருப்பு நிறமி இருக்கிறது. ஒளி அதில் போய்ச் சூடாகிறது, அந்தச் சூட்டில் வேர் கருகுகிறது. சரியான நிற ஒளியைச் சரியான நேர அளவில் கொடுத்தால் சுற்றியுள்ள தோலைக் காப்பாற்றிவிடலாம் என்பதை 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனால் அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. முடி எது, தோல் எது என்று ஒளிக்குத் தெரியாது. வெள்ளைத் தோலுக்கு வைக்கிற அளவை நமக்கு வைத்தால் தோல்தான் முதலில் வேகும்.

தோல் மருத்துவத்தில் நிறத்தை 1 முதல் 6 வரை வகை பிரிப்பார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் வகை என்று பெயர். நம் ஊரில் பெரும்பாலோர் 4 அல்லது 5, சிலர் 6. இதை வைத்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒளியின் நிறத்தை அலைநீளம் என்று நானோமீட்டரில் சொல்வார்கள். இந்த லேசர்களில் அலைநீளம் கூடக்கூட மெலனின் அந்த ஒளியை உறிஞ்சுவது குறையும், ஒளி ஆழமாகவும் இறங்கும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கு அருமையானது. நமக்கு ஆபத்து கூட. 810-ஐ ஒட்டிய டயோடு லேசர், அளவும் குளிர்விப்பும் சரியாக இருந்தால் மாநிறத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். 1064 லாங் பல்ஸ் என்டி யாக் லேசர் கருத்த தோலுக்கு மிகவும் பாதுகாப்பானது. வலி கொஞ்சம் கூடுதல், மெல்லிய முடியில் பலன் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் வகை 5, 6 என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஐபிஎல் என்பது லேசரே இல்லை. பல அலைநீளம் கலந்த ஒளி அது. பார்லர்களில் அதையும் லேசர் என்றே சொல்லி விற்கிறார்கள். கருத்த தோலுக்கு வேண்டாம்.

அதனால் போனில் விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "உங்கள் மெஷின் என்ன, அலைநீளம் என்ன?" தெரிந்தவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். "லேட்டஸ்ட் மெஷின் மேடம், வலியே இருக்காது" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த இடத்துக்குப் போன் பண்ணுங்கள். ஒரே ஹேண்ட்பீஸில் 755, 808, 1064 மூன்றும் சேர்ந்து வரும் மெஷின்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அதுவும் இருக்கட்டும், உங்கள் நிறத்துக்கு எதை, எந்த அளவில் வைப்பார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் டாக்டர். பலகையில் 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று மட்டும் இருந்தால் போதாது. சில வாரப் படிப்புக்கும் அந்தச் சான்றிதழ் கிடைக்கிறது. தோல் மருத்துவர் என்றால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. மாதிரி பட்டம் இருக்கும். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைச் சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஷாட் கொடுப்பது என்னைப் போன்ற ஆபரேட்டராக இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் முதல் நாள் டாக்டர் உங்கள் தோலைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். சிட்டிங் நடக்கும்போது கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

நல்ல இடத்தை எளிதாகக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்காமல் ஒரு பெண்ணின் முகவாயில் லேசர் வைக்கிற இடத்தை நான் நம்ப மாட்டேன். சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருந்தால், இப்போது இருக்கிற வேரை மட்டும்தான் லேசர் கருக்கும். ஹார்மோன் புதிய முடியைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். திடீரென்று முடி அதிகமானாலோ குரல் தடித்தாலோ எங்கள் டாக்டர் லேசரைத் தள்ளிவைத்து, முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் எழுதுவார்.

கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறீர்களா, டாக்சிசைக்ளின் மாதிரி வெயிலில் தோலைக் கூச வைக்கும் மாத்திரை ஏதாவது உண்டா, உதட்டோரம் அடிக்கடி அக்கி வருமா, அடிபட்ட இடம் புடைத்து வளரும் தழும்பு உண்டா, கர்ப்பமா, சமீபத்தில் வெயிலில் அலைந்தீர்களா. பச்சை குத்தியிருந்தால் அதன் மேல் ஷாட் விழவே கூடாது, மை சூடாகித் தோல் வெந்துவிடும். மச்சத்தையும் மறைத்துத்தான் செய்ய வேண்டும். இவை எதையும் கேட்காமல் நேராக பேக்கேஜ் அட்டையை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டெஸ்ட் பேட்ச் செய்யாத இடத்துக்குப் போகவே போகாதீர்கள். காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் ஷேவ் செய்து, ஜெல் தடவி, நான்கைந்து ஷாட் கொடுத்துப் பார்ப்போம். ஹேண்ட்பீஸின் முனை சில்லென்று இருக்கும்; அந்தக் குளிர்ச்சிதான் மேல்தோலைக் காக்கிறது. சுள்ளென்று ஒரு வலி, முடி பொசுங்கும் வாடை. சில நிமிடம் கழித்து ஜெல்லைத் துடைத்துவிட்டு விளக்கைச் சாய்த்துப் பார்ப்பேன். புல்லரித்த மாதிரி ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றியும் சின்னதாக வீங்கி, லேசாகச் சிவந்திருந்தால் சரியான அளவு. கருத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். தோல் சாம்பல் பூத்தாலோ கொப்புளம் எழும்பினாலோ அளவு அதிகம். அதோடு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நம் தோல் அன்றைக்கே கருக்காது, சில நாள் கழித்துத்தான் கருக்கும். ஒரு வாரமாவது விட்டுப் பார்த்துவிட்டு முழு முகத்துக்குப் போவதுதான் முறை. "இன்றைக்கே கட்டினால் பாதி விலை" என்கிறவர்கள் இந்த ஒரு வாரத்தைத் தரமாட்டார்கள்.

மரத்துப்போகும் க்ரீம் பற்றி ஒரு எச்சரிக்கை. முகவாய்க்குக் கொஞ்சமாகப் போடுவது வேறு. கை, கால் முழுக்கத் தடவி பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த க்ரீமில் இருக்கும் லிடோகெய்ன் என்ற மருந்து தோல் வழியாக ரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் லேசருக்கு முன் இப்படிச் செய்த இரண்டு இளம்பெண்கள் வலிப்பு வந்து இறந்திருக்கிறார்கள். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2007-ல் இதைப் பற்றி எச்சரித்தது.

அறைக்குள் போனதும் கண்ணாடி தருகிறார்களா பாருங்கள். சாதாரணக் கூலிங்கிளாஸ் இல்லை, அந்த அலைநீளத்துக்கென்றே செய்தது. ஆபரேட்டரும் போட்டிருக்க வேண்டும். புருவத்துக்குக் கீழே, இமைப் பக்கம் செய்து தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள், பார்வை சம்பந்தப்பட்டது.

ஷேவிங் என்றதும் அம்மாக்கள் பதறுவார்கள். "பொம்பளப் பிள்ளை முகத்தில் பிளேடு வைத்தால் முள்ளு முள்ளாக வளருமே" என்று. வளராது. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் தொட்டால் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். லேசருக்கு ஷேவிங்தான் சரி. த்ரெட்டிங், வாக்சிங், பிடுங்குவது எல்லாம் நான்கு வாரம் முன்பே நின்றுவிட வேண்டும், ஏனென்றால் வேர் உள்ளே இருந்தால்தான் ஒளிக்கு வேலை. "முதல் நாள் த்ரெட்டிங் செய்துவிட்டு வாங்க" என்று சொல்கிற இடத்துக்கு அடிப்படையே தெரியவில்லை என்று அர்த்தம்.

"நூறு சதவீதம் நிரந்தரம்" என்பதையும் நம்பாதீர்கள். நல்ல டாக்டர் 'முடி குறையும், மெலியும்' என்றுதான் சொல்வார். நரைத்த முடிக்கு லேசர் வேலை செய்யவே செய்யாது, அதற்கு ஒவ்வொரு முடி வேரிலும் ஊசியால் மின்சாரம் கொடுக்கும் எலெக்ட்ராலிசிஸ்தான். கன்னத்திலும் கழுத்திலும் இருக்கும் பூனைமுடியைத் தொடப் பயப்படுகிற டாக்டர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அங்கே லேசர் பட்டு, இல்லாத முடி தூண்டப்பட்டு வளர்வதும் உண்டு, அதுவும் நீர்க்கட்டி இருக்கிற பெண்களுக்கு. இதை முதலிலேயே சொல்பவரிடம் முகத்தைக் கொடுக்கலாம்.

விலை பேசும்போது மொத்தமாகக் கட்டாமல் சிட்டிங்குக்குச் சிட்டிங் கட்டலாமா, ஜிஎஸ்டி சேர்ந்ததா, இடையில் கர்ப்பமானால் மீதிப் பணம் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு சிட்டிங்கிலும் எந்த மெஷின், எத்தனை ஜூல் (ஒளியின் சக்தி), எத்தனை மில்லிசெகண்ட் (ஷாட்டின் நேரம்) என்று அட்டையில் எழுதச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தோல் வெந்துபோனால், அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு அந்த அட்டைதான் முதலில் வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும் அதுதான் ஆதாரம்.

கல்யாணத்துக்காக வருகிறவர்களுக்குக் கணக்கு இப்படி. முகத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு சிட்டிங், குறைந்தது ஆறு சிட்டிங். தையில் முகூர்த்தம் என்றால் வைகாசியிலாவது தொடங்கிவிட வேண்டும். கடைசிச் சிட்டிங்குக்கும் நலங்குக்கும் நடுவில் மூன்று வாரம் விடுங்கள். ஐப்பசியில் வந்து "தைக்குள் எல்லாம் முடிந்துவிடுமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் டாக்டர் முடியாது என்றுதான் சொல்கிறார். உடனே முடியும் என்கிற இடம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அங்கே போகாமல், அந்தக் கல்யாணத்துக்கு த்ரெட்டிங்கோடு சமாளித்துவிட்டு, மாசியில் நிதானமாகத் தொடங்குங்கள்.