ஜி.ஐ.ஜோ பொம்மைக்கு இடுப்பு கழண்டு கெடக்கா? ஆக்கருக்கு (பழைய சாமான் கடைக்கு) போட்றாதீங்க, வீட்லயே சரி பண்ணலாம்

போன மாசம் அம்மா வீட்டு மச்சுல பழைய பிஸ்கட் டின்னு ஒண்ணு கெடச்சுது. தொறந்து பாத்தா சின்ன வயசுல நான் வெளையாடுன ஜி.ஐ.ஜோ பட்டாளக்கார பொம்மை ஏழு பேரு, அதுல நாலு பேருக்கு இடுப்புக்கு மேல தனியா கீழ தனியா. அம்மா எட்டி பாத்துட்டு "ஏ மக்கா, இத ஆக்கருக்கு போட்ருவமா"ன்னு கேட்டாங்க. பொம்மை உடஞ்சு போச்சுன்னுதான் எல்லாரும் நெனக்கிறது, ஆனா உள்ள ஒரு ரப்பர் வளையம் அறுந்திருக்கும், அவ்ளோதான் விஷயம். அத மாத்துறது எப்படின்னு சொல்லுதேன், ஸ்க்ரூடிரைவர் பிடிக்க தெரிஞ்சா போதும்.

1982ல ஹாஸ்ப்ரோங்கிற அமெரிக்க பொம்மை கம்பெனி இந்த 3.75 இஞ்சு சைஸ கொண்டு வந்தப்பவே உள்ளமைப்பு இதுதான், நம்ம ஊருக்கு ஃபன்ஸ்கூல் கம்பெனி வழியா வந்ததும் அதே மாதிரிதான். நெஞ்சு முன்பாதி பின்பாதின்னு ரெண்டு துண்டு, முதுகுல ஒரே ஒரு ஸ்க்ரூ. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு சின்ன கம்பி கொக்கி இருக்கும், அந்த கொக்கியையும் நெஞ்சுக்குள்ள ஸ்க்ரூ போற தூணையும் இழுத்து பிடிக்கிறதுதான் நான் சொன்ன கறுப்பு ரப்பர் வளையம், கடையில ஓ-ரிங்னு கேக்கணும். பழசாகும்போ அது ஒண்ணு பிசுபிசுன்னு ஆகும், இல்லன்னா தொட்டாலே பொடிஞ்சு போகும்.

ஸ்டெப் 1: ஓ-ரிங் வாங்குறது

அறுந்த வளையத்த எறிஞ்சிராதீங்க. அத ஒரு கவர்ல போட்டு பம்புசெட்டு சாமான் விக்கிற கடைக்கோ பிளம்பிங் கடைக்கோ கொண்டு போங்க, நான் நாகர்கோவில் கோட்டாறு பக்கம்தான் போனேன். பழசு இழுபட்டு நீண்டிருக்கும், அதனால அதே அளவுல ஒண்ணு, ஒரு அளவு சின்னதா ஒண்ணுன்னு ரெண்டும் வாங்கிக்கிடுங்க. ரொம்ப சின்னத மட்டும் போட்றாதீங்க, அது இழுக்குற இழுப்புல இடுப்பு துண்டே உடஞ்சு போயிரும். குலசேகரம் பக்கம் வீட்டுக்கு வீடு ரப்பர் ஷீட்டு காயுது, அரசு ரப்பர் கழக ஆபீசே நாகர்கோவில்லதான் இருக்கு, அப்படிப்பட்ட மாவட்டத்துல இத்துனூண்டு ரப்பர் வளையத்துக்கு நாலு கடை ஏறி எறங்குனேன், என்னத்த சொல்ல.

ஸ்டெப் 2: ஸ்க்ரூவ கழட்டுறது

பெரும்பாலும் சொதப்புறது இங்கதான். மொபைல் ரிப்பேருக்கு வச்சிருக்க சின்ன பிளஸ் ஸ்க்ரூடிரைவர் வேணும், ஸ்க்ரூ தலைக்குள்ள கச்சிதமா உக்காரணும். லூசா இருந்தா தல வழிஞ்சு போயிரும், பொறவு ஒண்ணும் பண்ண முடியாது. திருப்புறத விட அமுக்குறதுதான் அதிகமா இருக்கணும். எங்க வீடு மணவாளக்குறிச்சி பக்கம், உப்புக்காத்துல எல்லா ஸ்க்ரூவும் துரு பிடிச்சு நின்னுச்சு. ஊசி முனையால தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு ராத்திரி அப்படியே வச்சேன், ரெண்டு அசஞ்சுது, மத்த ரெண்டுக்கும் சால்டரிங் அயர்ன் முனைய ஸ்க்ரூ தலையில ரெண்டு மூணு செகண்ட் மட்டும் வச்சு எடுத்துட்டு திருப்புனேன், சூட்டுல பிளாஸ்டிக் கொஞ்சம் எளகி விட்டுக் குடுத்துச்சு. அதுக்கு மேல வச்சா முதுகு உருகிரும், பாத்துக்கிடுங்க.

முதுகு பாதிய எடுக்குறதுக்கு முன்னாடி பொம்மைய குப்புற போட்டுக்கிடுங்க. எடுத்ததும் கை ரெண்டும் தலையும் கழண்டு விழும், பயப்படாதீங்க, எந்த கை எந்த பக்கம்னு ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க.

ஸ்டெப் 3: கழுவுறது

பாத்திரம் கழுவுற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, பிள்ளைங்க டூத்பிரஷ். அவ்ளோதான். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, பெயிண்டும் போகும் பிளாஸ்டிக்கும் கரையும். கழுவிட்டு ஃபேனுக்கு அடியில நல்லா காய வைங்க.

ஸ்டெப் 4: வளையம் மாட்டுறது

புது ஓ-ரிங்க கொக்கியில மாட்டி, கொக்கிய ரெண்டு தொடைக்கும் நடுவுல உக்கார வைங்க. இப்ப வளையம் இடுப்பு துண்டோட ஓட்டை வழியா மேல வரணும், விரலால வராது, நான் அர மணிக்கூர் மல்லுக்கட்டுனேன். வளையத்துக்குள்ள ஒரு தையல் நூல கோத்து, நூலோட ரெண்டு முனையையும் ஓட்டை வழியா மேல எடுத்து இழுத்தா சுளுவா வந்துரும். வந்ததும் நெஞ்சுக்குள்ள இருக்க தூண்ல மாட்டிட்டு நூல உருவிருங்க. பொறவு கை, தல, முதுகு, ஸ்க்ரூ. இடைவெளி மூடுன உடனே முறுக்குறத நிறுத்திருங்க, ஏன்னா ஸ்க்ரூ பிடிக்கிறது வெறும் பிளாஸ்டிக்குல, ஓவரா முறுக்குனா மரை போயிரும். ஏற்கனவே போயிருந்தா பல்லு குத்துற குச்சிய மெல்லிசா சீவி ஓட்டைக்குள்ள ஒரு துண்டு வச்சுட்டு முறுக்குங்க, பிடிச்சுக்கிடும்.

இடுப்பு துண்டே உடஞ்சிருந்தா ஒட்ட பாக்காதீங்க. வளையம் எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்குறதால எந்த பசையும் நிக்காது. வேற உடஞ்ச பொம்மையிலருந்து அந்த துண்ட எடுத்து போடுறதுதான் வழி. சூப்பர் குளூ பத்தி எங்கிட்ட கேக்கவே கேக்காதீங்க, நான் எட்டாங்கிளாஸ் படிக்கும்போ டியூக்குங்கிற ஜி.ஐ.ஜோ பொம்மையோட தோள்ல ஒரு சொட்டு விட்டேன், அது மூட்டுக்குள்ள எறங்கி கை மேல தூக்குனபடியே நின்னுருச்சு, சுத்தி வெள்ளையா பூத்தும் போச்சு. கழண்டு அசையுற இடத்துக்கு பசை ஆகாது. அசையாத இடம், பொம்மை வண்டியோட பம்பர் மாதிரி, அங்கன்னா அரால்டைட் கொஞ்சம்போல தொட்டு ஒரு நாள் விட்ருங்க.

வளஞ்ச துப்பாக்கி, கத்தி எல்லாத்துக்கும் சுடுதண்ணி போதும். அடியில குமிழி வரும்போ அடுப்ப அணச்சுட்டு அரை நிமிஷம் முக்குங்க, நிமித்துங்க, உடனே பச்சத்தண்ணியில போடுங்க, அப்படியே நின்னுரும். துப்பாக்கிய கையில மாட்டுறதுக்கு முன்னாடி கையையும் கட்டன் சாயா சூட்டுல இருக்க தண்ணியில கொஞ்ச நேரம் வச்சிருங்க, இல்லன்னா பெருவிரல் டொக்குன்னு போயிரும். போன விரல ஒட்டுறதுல எனக்கு நம்பிக்க இல்ல, ரெண்டு தடவ முயற்சி பண்ணிட்டு விட்டுட்டேன்.

நாலு பேரும் இப்ப டிவி ஸ்டாண்டு மேல நிக்கிறாங்க. டியூக் மட்டும் இன்னும் கை தூக்கிக்கிட்டேதான் நிக்கிறான், அம்மா அவன்மேல சாவிக்கொத்த தொங்க விட்டுருக்காங்க.