உப்பும் டீசலும் ஊறிய மண்ணில் செடி நடும் முன்

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், தொண்டி பக்கம் கைவிட்ட இறால் குட்டையையோ படகு பழுதுபார்த்த இடத்தையோ செடியும் நுண்ணுயிரும் வைத்து மீட்கலாம் என்றதும், "என்ன செடி நடலாம்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மண்ணில் இருப்பது உப்பா, உலோகமா, எண்ணெயா என்று தெரியாமல் நடுவதுதான் முதல் தவறு. மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கும். உப்பின் அளவு அதில் தெரியும். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் டீசலும் தெரியாது. அவற்றுக்குத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

உப்பு மட்டும் என்றால் உப்பு மண்ணில் தானாக வளரும் நம்ம ஊர் உமரிச் செடியே போதும். அதன் தடித்த இலையைக் கிள்ளி நசுக்கினால் சாறு கரிக்கும். மண்ணிலிருந்து இழுத்த உப்பு அதற்குள் இருக்கிறது. பச்சையாக இருக்கிறதே என்று அப்படியே விட்டால், காய்ந்து உதிரும் இலையோடு உப்பும் மேல்மண்ணுக்கே திரும்பிவிடும். அறுத்து வெளியேற்றத்தான் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் வரப்புக் கட்டி, வடிகாலும் வெட்டிவிட்டால் மழைத்தண்ணீரும் உப்பைக் கழுவும்.

உலோகம் இருந்தால் கதை வேறு. எந்த நுண்ணுயிராலும் ஈயத்தைச் சிதைத்து இல்லாமல் ஆக்க முடியாது. செடி உறிஞ்சினால் அது செடிக்குள் இருக்கும், அவ்வளவுதான். அங்கே ஆடு மேயவிடுவது, சீமைக்கருவேலத்தை வெட்டி விறகாக்குவது எல்லாம் ஆபத்து. எரித்தாலும் உலோகம் அழியாது, சாம்பலிலும் புகையிலும் போய்ச் சேரும். உமரிக்கீரை சமைக்கிற வழக்கம் நமக்கு உண்டு. இந்த நிலத்து உமரியைத் தயவுசெய்து பறிக்காதீர்கள். வேலி போடாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

டீசலையும் கழிவு ஆயிலையும் நுண்ணுயிர்கள் உண்மையாகவே தின்று சிதைக்கும். ஆனால் பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலை வாங்கி ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். எண்ணெய் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருக்கும். அதற்குக் குறைவது காற்றும் ஈரமும் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்) சத்துகளும்தான். 1989-ல் அலாஸ்காவில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரையில் உரம் போட்டே அங்கிருந்த நுண்ணுயிர்களைப் பெருக்கினார்கள். கார்பன் 100 பங்குக்குத் தழை 10, மணி 1 என்பது பொதுவான கணக்கு. கெட்டியான ஆயில் படிவை முதலில் அள்ளிவிட வேண்டும். மீதி மண்ணை அடிக்கடி கொத்திவிட வேண்டும்.

அப்புறம், தண்ணீரைக் கொட்டாதீர்கள். கடலோர மணலில் நாம் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் நல்ல தண்ணீர், உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது. அள்ளிக் கொட்டும் தண்ணீர் டீசலை அங்கே இறக்கிவிடும். டீசல் ஊறிய மண்ணைத் தோண்டி எடுத்துக் கெட்டியான தார்ப்பாயில் பரப்பி, ஈரம் காயாத அளவுக்கு மட்டும் தெளியுங்கள். மழை வந்தால் மூடிவையுங்கள்.