கும்மிப்பாட்டு மிக்ஸிங்ல எக்சைட்டர் எப்படி, எவ்வளவு போடறது

இப்ப நம்ம கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வள்ளி கும்மி குழு இல்லாத ஊரே இல்லைங்கற மாதிரி ஆயிப்போச்சுங்க, ஆளாளுக்கு ரூம்லயே ரெக்கார்ட் பண்ணி யூட்யூப்ல போடறாங்க, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா முக்காவாசியில 'ச' வர்ற எடத்துலயெல்லாம் காதைக் கிழிக்குது. மைக்கைத் திட்டறதுக்கு முன்னாடி மிக்ஸ்ல எக்சைட்டர், அதாவது சத்தத்துக்குப் பளபளப்பு ஏத்தற எஃபெக்ட், அதோட நாப் எங்க நிக்குதுன்னு பாருங்க.

இது ஈக்யூ இல்லைங்க, அதை மொதல்ல புரிஞ்சுக்கோணும். ஈக்யூ இருக்கற சத்தத்தைத்தான் ஏத்தும் இறக்கும். எக்சைட்டர் மேல்பக்க ஃப்ரீக்வன்சியை மட்டும் ஒரு காப்பி எடுத்து, அதை வேணும்னே கொஞ்சம் டிஸ்டார்ட் பண்ணி, அதுல வர்ற புது ஹார்மோனிக்ஸை, அதாவது ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஃப்ரீக்வன்சியில வர்ற சத்தத்தை, ஒரிஜினலோட கலக்கும். 5 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கறதுக்கு 10ல ஒண்ணு, 15ல ஒண்ணுன்னு ரெக்கார்டிங்ல இல்லவே இல்லாதது உண்டாகும். அமெரிக்காவுல அஃபெக்ஸ் கம்பெனி 1975 வாக்குல இந்தப் பெட்டியைக் கொண்டு வந்தப்ப விக்கவே இல்லை, வாடகைக்குத்தான் விட்டாங்க, அதுவும் முடிச்ச பாட்டு எத்தனை நிமிஷமோ அதுக்குத் தகுந்த காசு. பிபிஇ சோனிக் மேக்ஸிமைசர்னு இன்னொரு பெட்டி இருக்குது, அது வேற ரகம், கீழ் ஃப்ரீக்வன்சியைத் துளி லேட்டாக்கி மேல்பக்கத்தை ஏத்திக் குடுக்கும்.

ரெக்கார்ட் பண்றப்ப இதைப் போடாதீங்க. ஃபைல்ல ஏறிட்டா திரும்ப எடுக்க முடியாது. அப்பறம் சோமனூர், பல்லடம் பக்கம் இருக்கறவங்களுக்குத் தனியா சொல்லோணும், பின்னாடி ஓடற தறிச் சத்தம், மேல சுத்தற காத்தாடி, மைக் இரைச்சல் எல்லாத்தையும் எக்சைட்டர் பளபளன்னு தூக்கி முன்னாடி நிறுத்திரும், பாட்டுன்னும் தறின்னும் அதுக்குத் தெரியாதுங்களே. கரண்ட் போற நேரம் பாத்து ரெக்கார்ட் பண்ணுங்க, தறியும் நிக்கும் காத்தாடியும் நிக்கும், யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் லேப்டாப் பேட்டரியிலயே ஓடிரும். சிரிப்பா இருந்தாலும் நிசமாவே நல்லா வரும்.

இனி மிக்ஸிங். எல்லா ட்ராக்லயும் போட்டீங்கன்னா எதுவுமே முன்னாடி வராது, ஒண்ணு ரெண்டுல மட்டும் போடுங்க. கைத்தட்டும் சலங்கையும் ஏற்கனவே பளிச்சுனு இருக்கற சத்தம், அதுக்கு வேண்டாம். ஆசிரியர் முன்பாட்டு பாடறாரே, அந்தக் குரல் மந்தமா இருந்தா அதுக்குப் போடலாம். மொதல்ல ஈக்யூல 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டிப் பாருங்க, பாதி நேரம் அதுலயே தெளிஞ்சிரும், எக்சைட்டரே தேவைப்படாது. அப்படியும் பத்தலைன்னா டீ-எஸ்ஸரை முன்னாடி போட்டு 5ல இருந்து 8 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கற 'ஸ்ஸ்'ஸை அடக்கிட்டு அதுக்குப் பின்னாடி எக்சைட்டர். எதுக்கு மேல வேலை செய்யோணும்னு சொல்ற ஃப்ரீக்வன்சி நாப்பை ஆம்பளைக் குரலுக்கு 3 கிலோஹெர்ட்ஸ், பொம்பளைக் குரலுக்கு 5 கிட்ட ஆரம்பிங்க. ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்களுக்கு அதுலயே ஒரு எக்சைட்டர் கூடவே வருது, காசு குடுத்து வாங்கோணும்னு இல்லை.

எக்சைட்டர் சத்தம் எவ்வளவு கலக்கோணும்னு சொல்ற மிக்ஸ் நாப்பை மெதுவா ஏத்துங்க, சத்தம் மாறுதுன்னு காதுக்குத் தெரிஞ்ச எடத்துல நிறுத்தி, அதுல பாதிக்கு இறக்குங்க. ரசத்துல பெருங்காயம் மாதிரிதான், இருக்கறது தெரியக்கூடாது, எடுத்தாத்தான் தெரியோணும். பைபாஸ் போட்டு, அதாவது எக்சைட்டர் இல்லாமயும் கேட்டு, ஒப்பிடறப்ப ரெண்டு பக்கமும் ஒரே வால்யூம் இருக்கோணும், 1 டிபி (டெசிபெல்) கூடினாலே நல்லா இருக்கற மாதிரி ஏமாத்தும், அதனால அவுட்புட்டைக் குறைச்சுட்டு கேளுங்க. மேல்பக்க சத்தத்துக்கு காது சீக்கிரம் பழகி இன்னும் இன்னும்னு கேக்கும், அப்ப எந்திரிச்சுப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

ஜமாப்பு, உறுமி அடிக்கு பேஸ் என்ஹான்சர், அதாவது இதே வேலையைக் கீழ்பக்க சத்தத்துக்குப் பண்றது, நல்ல வேலை செய்யும். போன் ஸ்பீக்கர்ல 60 ஹெர்ட்ஸ் வரவே வராது, ஆனா இது 120, 180ன்னு ஹார்மோனிக்ஸ் உண்டாக்கிக் குடுத்தா மூளை அந்த 60ஐத் தானா நிரப்பிக்கும். போன்ல கேக்கறவங்களுக்குத்தான் இது, பெரிய சப்வூஃபர்ல போட்டா கொழகொழன்னு ஆயிரும், ரெண்டுலயும் கேட்டுப் பாத்து வைங்க.

கடைசியா நோம்பி மேட்டரு. கோயில்ல கொழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவாங்க. அதுல கீழ்பக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நடுப்பக்கம்தான் கத்தும், நீங்க 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உண்டாக்கி வெச்ச பளபளப்பு அங்க போயி வீறுவீறுன்னு வீறிடும். அதுக்குத் தனியா ஒரு எக்ஸ்போர்ட் எடுங்க, எக்சைட்டர் ஆஃப், 3 கிலோஹெர்ட்ஸ் கிட்ட ஈக்யூல 2, 3 டிபி கம்மி. ஃபைல் பேர்லயே 'கோயில்'னு போட்டு, பென்டிரைவுல அதை மட்டும் ஏத்திக் குடுங்க, ரெண்டும் இருந்தா சவுண்டு செட்டுக்கார அண்ணன் எது மேல இருக்குதோ அதைத்தான் அமுத்துவாரு.