தேரடியில் தொடங்கி முகத்துவாரம் வரை: ஒரு நாள் கடலோர நடை

காலை ஆறு மணிக்கெல்லாம் மெட்ரோவில் வந்து வடசென்னையின் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிவிடுங்கள். ஏழரை தாண்டினால் வெயில் ஏறிவிடும், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் வரிசை கட்டிவிடும். நான் பிறந்து வளர்ந்தது பக்கத்துக் காலாடிப்பேட்டை. மெரினாவும் பெசன்ட் நகரும் மட்டுமே கடற்கரை என்று நினைக்கும் சொந்தக்காரர்களை வருஷா வருஷம் தை மாதத்தில் இந்த வழியில்தான் கூட்டிப்போகிறேன். மார்கழி, தை, மாசி மூன்றும் இதற்கு ஏற்ற மாதங்கள். சித்திரைக்கு மேல் வேண்டாம், மணல் காலைச் சுட்டுவிடும்.

முதலில் கோயில். வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு, மகிழ மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மரத்தடியில்தான் என்பார்கள். அங்கிருந்து கிழக்கே நடந்தால் விரைவுச் சாலை. அதைக் கடக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். நிற்கும் லாரிகளின் இடுக்கிலிருந்து பைக் வரும். சாலைக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில், பட்டினத்தார் அடங்கிய இடம். கசக்கும் பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அந்த ஊரில் முக்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். இனித்த ஊர் எங்கள் ஊர். கூட்டமே இருக்காது. அலைச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்கும்.

வெளியே வந்ததும் கடற்கரை எங்கே என்று தேடுவீர்கள். மணலுக்குப் பதில் கரையெங்கும் கரிய பாறாங்கற்கள். அந்தக் கற்களின் கதை தெரிந்துகொண்டு நடந்தால்தான் இந்த நடைக்கு அர்த்தம். நம் கரையோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. எங்கள் மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். அது மணலையும் கூடவே இழுத்து வரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்கித் தங்கி மெரினா அகலமாயிற்று. வடக்கே மணல் வரத்து நின்றது, அலை மட்டும் நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை கடல் தின்ற தெருக்கள் எத்தனையோ. மிச்சத்தைக் காக்கத்தான் இந்தக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். என் ஆயா கல்யாணமாகி வந்த வீடு இருந்த இடத்தை அப்பா கையை நீட்டிக் காட்டுவார். அங்கே இப்போது அலைதான் அடிக்கிறது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போதெல்லாம் இது எங்கள் ஊர் மணல் என்று எனக்குத் தோன்றும்.

கல் சுவர் கடலுக்குள் நீண்டு போகும் இடங்களைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். இரண்டு வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் திரும்பச் சேர்ந்திருக்கும், படகுகள் அங்கேதான் ஏறியிருக்கும். அந்த மணலில் நடங்கள், கல்மேல் ஏறாதீர்கள். ரப்பர் செருப்போடு பாசியில் கால் வைத்து நான் விழுந்து, முழங்காலில் நாலு தையல் போட்டார்கள். பின்னால் வார் வைத்த செருப்பு நல்லது. வளைவுகளுக்கு நடுவே குளிக்கவும் இறங்காதீர்கள், சுழல் இழுக்கும்.

இங்கிருந்து எண்ணூர் வரைக்கும் நடந்தே போகலாமே என்று தோன்றும். வேண்டாம். பாதி தூரம் லாரிப் புகையைத்தான் சுவாசிப்பீர்கள். தேரடிக்குத் திரும்பி இட்லி வடகறி சாப்பிட்டு, மெட்ரோவில் விம்கோ நகர் போய், அங்கே கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலைப் பிடியுங்கள். கத்திவாக்கம், அடுத்து எண்ணூர். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணூரில் இறங்கிக் கிழக்கே போய்க் கடலைத் தொட்டதும் இடப்பக்கம் திரும்புங்கள். கடல் வலக்கைப் பக்கமே இருந்தால் வழி சரி. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று குப்பங்கள் வரும். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். நெட்டுக்குப்பத்துக் கடலில் உடைந்து நிற்கும் பழைய பாலத்தைக் கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. வழியில் வலை உலர்த்தியிருந்தால் சுற்றிப் போங்கள், மிதிக்கவோ தாண்டவோ கூடாது. மணலில் பங்குனி ஆமை ஏறிய தடம் தெரிந்தால் அதையும் கலைக்காதீர்கள்.

அப்புறம் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் விழும் இடம். எதிரே காட்டுப்பள்ளி, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால், நீர் வற்றும் நேரத்தில் நடுவே மணல் திட்டுகள் எழும். ஆலாப் பறவைகள் அதன்மேல் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருக்கும். போன தையில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு அம்மா கையாலேயே இறால் தடவிக்கொண்டிருந்தார். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார். இரண்டு கையும் சேற்றுக்குள். தோள் லேசாக அசையும், கை மேலே வரும், விரலிடுக்கில் ஒரு இறால் துடிக்கும், பறிக்குள் போகும். கரையேறியதும், “எத்தினி கெடச்சுது மா?” என்றேன். பறியைச் சாய்த்துக் காட்டினார், கால் கிலோ தேறும். “முன்னல்லாம் ஒரு மணி நேரத்துல ரொம்பிடும் பா. இப்ப அடில சேறா கீது, சாம்பலா கீது, தெரில” என்றார். நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆறு ஆழம் குறைந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியது. அதற்குப் பிறகும் இவர்கள் இந்த ஆற்றில் இறங்குகிறார்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும்போது அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். மீனோ நண்டோ கரையில் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பதினொரு மணிக்குள் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள், வழியில் நிழல் குறைவு. நண்டு வாங்கியிருந்தால் ஈரத் துணியில் சுற்றிப் பையின் வாயை இறுகக் கட்டுங்கள். வீடு போகும் வரை உயிரோடு இருக்கும்.