பெரியவங்க மறதிக்கு ப்ரோபயாடிக் வாங்குறதுக்கு முன்னாடி

எங்க பெரியம்மா அடுப்புல பால வெச்சுட்டு அடிக்கடி மறந்துபோக ஆரம்பிச்சதும், வயித்துல நல்ல பாக்டீரியா ஏறினா மூளை தெளியும்னு யாரோ சொன்னத நம்பி வீட்ல ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா இருக்கற) கேப்சூல் வாங்கிக் குடுத்தோம், மூணு மாசம் அதுலயே போச்சு. முதல் தப்பு அதுதாங்க. அப்புறம் டாக்டர் கேட்டாரு, சுகருக்கு மெட்ஃபார்மின் எத்தன வருஷமா போடறாங்க, கேஸ் மாத்திர தினமும் உண்டான்னு. ரெண்டுமே வருஷக்கணக்கா போட்டா பி12 வைட்டமின் குறையலாம், அது குறைஞ்சாலே மறதி வரலாம், சீக்கிரம் கண்டுபிடிச்சா ஊசி போட்டே சரிபண்ணலாம், விட்டுட்டா நரம்பு பாதிப்பு நிரந்தரமாயிடலாம். தைராய்டு குறைஞ்சாலும் மறதி வரலாம், அதனால முதல்ல பி12, தைராய்டு ரெண்டையும் பாத்துடுங்க ப்ளீஸ்.

ரெண்டாவது, சதவீதத்த பாத்து மயங்குறது. 2016ல ஈரான்ல காஷான் ஊர்ல 60 அல்சைமர் (மறதி நோய்) நோயாளிங்கள வெச்சு ஒரு ஆய்வு, பாதி பேருக்கு 12 வாரம் தினம் 200 மில்லி ப்ரோபயாடிக் பால், ஞாபக டெஸ்ட்ல கிட்டத்தட்ட 28 சதவீதம் முன்னேற்றம்னு எல்லா இடத்துலயும் வந்துச்சு. ஆனா மார்க்க பாருங்க, 30க்கு சராசரி 9 கூட இல்லாதது பத்தரைக்கு வந்துச்சு, அவ்ளோதான். 2018ல அதே நாட்டுல, நோய் முத்தினவங்களே அதிகமா இருந்த இன்னொரு ஆய்வுல கேப்சூல் குடுத்தப்போ ஞாபகத்துல பலனே தெரியல.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறது சாப்பாட்டு விஷயம். பல்லு இல்லன்னு பெரியவங்களுக்கு ரசஞ்சாதமும் டீயில நனைச்ச பிஸ்கட்டுமே குடுத்துட்டு மேல ஆயிரம் ரூபாய்க்கு கேப்சூல் வாங்குறோம், ஆனா குடல் பாக்டீரியாவுக்கு முக்கியமான சாப்பாடே நார்ச்சத்துதான். கீரைய நல்லா கடைஞ்சு குடுங்க, பாசிப்பயற குழைய வேகவெச்சு மசிச்சு குடுங்க. மோர் குடிக்கலாம், ஆனா மோர்க்குழம்பா சூடு பண்ணிட்டா அதுல இருக்க பாக்டீரியா பெரும்பாலும் செத்துடும்.

புற்றுநோய்க்கு கீமோ எடுக்கறவங்க, எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்களுக்கு டாக்டர கேக்காம கேப்சூல் குடுக்காதீங்க, அந்த பாக்டீரியாவே ரத்தத்துல கலந்து இன்ஃபெக்‌ஷன் ஆன கேஸ் இருக்கு.